வீட்டுத் தோட்டத்தில் செர்ரி பிளம்: கன்று வாங்கும் முன்பிருந்து முதல் பழம் வரை

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் கையில் ரம்பத்தோடு தன் செர்ரி பிளம் மரத்தடியில் நின்றார். மரத்தில் ஒரு இலை இல்லை. "இப்ப வெட்டினால்தான் தம்பி கொப்பெல்லாம் வடிவாத் தெரியும்" என்றார். நானும் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கோடையில் ஒரு பக்கக் கிளையின் இலைகள் ஈயம் பூசினதுபோல வெளுத்தன. அதற்கடுத்த வருஷம் பாதி மரம் காய்ந்துவிட்டது.

அந்த மரத்தில் கற்றது கொஞ்சம். பிறகு என் பின்தோட்டத்தில் நானே வைத்த இரண்டு மரங்களில் கற்றது கொஞ்சம். நண்பர்கள் வீடுகளில் நட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தது மீதி. நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருவதில்லை. ஊரில் சரியாக இருந்த பழக்கத்தை இங்கிலாந்திலும் செய்வதால் வருகின்றன. குழி நிறைய எரு போடுவது, இலை உதிர்ந்த நேரத்தில் வெட்டுவது, பூவைப் பார்த்துக் கன்று வாங்குவது எல்லாம் அந்த வகைதான்.

நான் சொல்வது லண்டனுக்கும் அதைச் சுற்றிய தென்கிழக்கு இங்கிலாந்துக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்துப் பக்கம் இருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், தேதிகளைச் சில வாரம் தள்ளிக்கொள்ளுங்கள். சென்னையிலோ மதுரையிலோ மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். இந்த மரம் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் பல வாரம் நல்ல குளிர் படவேண்டும். சமவெளியில் அது கிடைக்காது.

1. எந்த மரம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

செர்ரி பிளம் என்பது செர்ரியும் பிளம்மும் கலந்த ஒட்டு இல்லை. அது தனி இனம், செர்ரி அளவுக்குச் சிறிய பழம் காய்க்கும் பிளம். தானாக முளைத்த மரங்களில் பழம் 2 முதல் 3 செ.மீ. இருக்கும். மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று மரத்துக்கு மரம் நிறம் மாறும்.

கடைச் சீட்டில் சில சமயம் 'மைரோபலான்' என்று எழுதியிருப்பார்கள். நம் நாட்டு மருந்துக்கடை வழக்கத்தில் அந்தப் பெயர் கடுக்காயைக் குறிக்கும். பயப்பட வேண்டாம், இது வேறு, அது வேறு.

பெரிய குழப்பம் ஊதா இலை மரத்தில்தான் வரும். மார்ச்சில் தெருவோரம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்குமே, 'பிஸ்ஸார்டி', 'நைக்ரா' என்ற பெயர்களில் விற்பது, அதுவும் செர்ரி பிளம்தான். ஆனால் அது அழகுக்காகத் தேர்ந்தெடுத்த வகை. ஒரு வருஷம் காய்க்கும், இன்னொரு வருஷம் கையளவுகூட இருக்காது. பழம்தான் நோக்கம் என்றால் 'ஜிப்சி' (சிவப்பு), 'கோல்டன் ஸ்பியர்' (மஞ்சள்), 'ரூபி' (கருஞ்சிவப்பு) போலப் பழத்துக்கென்றே உள்ள வகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றின் பழங்கள் காட்டு மரத்துப் பழத்தைவிட நன்றாகவே பெரியவை.

வேலியோரத்தில் தானாக வளர்ந்த செடியைப் பெயர்த்து வந்து நடுவது இன்னொரு வழக்கம். அது பெரும்பாலும் 'பிளாக்தார்ன்' ஆகப் போய்விடும். முள் நிறைய இருந்து, இலை வரும் முன்பே பூத்து, காய் நீலக்கருப்பாகத் துவர்த்தால் அதுதான். அது வேலிக்கு நல்லது, வாய்க்கு இல்லை.

2. கன்று வாங்கும் முன் துணை மரத்தைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நாலைந்து வருஷம் கழித்து "பூக்குது, காய்க்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள்.

சில செர்ரி பிளம் மரங்கள் தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும். பழ வகைகளில் பலவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு செர்ரி பிளம் இருந்தால்தான் கிளை நிறையக் காய் பிடிக்கும். அதுவும் ஒரே வகையில் இரண்டு வாங்கினால் பயனில்லை. ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் பிரதிகள். ஒரு 'ஜிப்சி'க்கு இன்னொரு 'ஜிப்சி' துணை ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே விக்டோரியா பிளம் (இங்கே பரவலாக உள்ள சாதாரண பிளம் வகை) இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. செர்ரி பிளம் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் பூத்து முடிந்துவிடும், விக்டோரியா ஏப்ரலில்தான் கண் திறக்கும். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு, இதற்கு 16, அதற்கு 48.

நல்ல செய்தி என்னவென்றால், லண்டனில் துணை மரம் பெரும்பாலும் தெருவிலேயே இலவசமாக நிற்கும். மார்ச் முதல் வாரத்தில் வீட்டைச் சுற்றி ஐந்து நிமிஷம் நடந்து பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சீக்கிரம் பூத்து நிற்கும் செர்ரி பிளம் கண்ணில் பட்டால் ஒரு கன்று போதும். மேலே சொன்ன ஊதா இலை மரமும் இந்த வேலைக்கு ஆகும். ஒன்றும் தெரியவில்லையா, வெவ்வேறு வகையில் இரண்டு வாங்குங்கள்.

ஆக, மார்ச்சில் தெருவைப் பார்த்துவிட்டு நவம்பரில் கன்று வாங்குவது என்பதே சரியான வரிசை.

3. இடம்

வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கோடையில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். குறைந்தால் மரம் வளரும், பழம் மட்டும் புளிப்பிலேயே நின்றுவிடும்.

தோட்டத்தின் பள்ளமான மூலையில் வைக்காதீர்கள். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். மற்ற செடிகள் தூங்கும்போது இது பூக்கிறது, அந்தப் பூவுக்கு மைனஸ் 2 டிகிரியே ஆபத்து. சரிவின் மேல்பக்கம், அல்லது மேற்கோ தெற்கோ பார்த்த சுவர் பக்கம் நல்லது. கிழக்குச் சுவர் பக்கம் உறைபனி படிந்த பூவின் மேல் காலை வெயில் நேராக அடிக்கும். உறைந்த பூ மெதுவாக இளகினால் பிழைக்கக்கூடும், சட்டென்று சூடானால் கருகிவிடும்.

வீட்டிலிருந்து குறைந்தது 5, 6 மீட்டர் தள்ளி வையுங்கள். லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். மர வேர் தண்ணீரை இழுத்தால் சுருக்கம் இன்னும் கூடும், அஸ்திவாரத்துக்கு நல்லதில்லை. பக்கத்து வீட்டு வேலியிலிருந்து 3 மீட்டர். இங்கே எல்லை தாண்டி வரும் கிளையை அண்டை வீட்டார் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம், அது அவர்கள் உரிமை. எந்த மாதத்தில் வெட்டக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் நம் கவலை.

தண்ணீர் வடிகிறதா என்று சோதித்துவிடுங்கள். முழங்கால் ஆழம் குழி தோண்டி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே குழியில் நடாமல், 25 செ.மீ. உயரத்துக்கு அகலமான மேடு போட்டு நடவேண்டும்.

4. வேர்ச்செடியைப் பார்த்து வாங்குங்கள்

ஒட்டுக்கன்றில் மேல்பாதி ஒரு மரம், கீழ்ப்பாதி வேறொன்று. கீழ்ப்பாதிக்கு வேர்ச்செடி என்று பெயர். பழத்தின் ருசி மேலிருந்து வரும், மரத்தின் உயரம் கீழிருந்து வரும். கடையில் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

'செயின்ட் ஜூலியன் ஏ' என்று போட்டிருந்தால் மரம் சுமார் 4 முதல் 4.5 மீட்டர் வரும். சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு அதுதான் என் தேர்வு. 'பிக்ஸி' இன்னும் குட்டை, ஆனால் களை, வறட்சி எதையும் தாங்காது, வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு கேட்கும். 'மைரோபலான் பி' 6 மீட்டருக்கு மேலும் போகும். பழம் பறிக்க ஏணி, வலை போட ஏணி, வெட்டவும் ஏணி. வாங்காதீர்கள்.

கொட்டையை முளைக்க வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. முளைக்கும். ஈர மணலில் போட்டு மூன்று நான்கு மாதம் குளிரில் வைத்தால் வசந்தத்தில் தலை காட்டும். ஆனால் தாய் மரத்துப் பழமே வரும் என்று உறுதி இல்லை, உயரத்துக்கும் கணக்கில்லை, காய்க்க வருஷங்கள் ஆகும். ஒட்டுக்கன்று மூன்றாவது நான்காவது வருஷமே காய்க்கத் தொடங்கிவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு கன்று விற்பார்கள். பார்த்தால் உலர்ந்த குச்சி மாதிரி இருக்கும். என் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தப் பார்சலைப் பிரித்துவிட்டு, "இந்த விறகுக்கா இவ்வளவு காசு குடுத்தே?" என்றார். அந்த விறகுதான் தொட்டிக் கன்றைவிட மலிவு, வேரும் சுருளாமல் நேராக இருக்கும். கிளைவிடாத ஒரு வயதுக் குச்சியாக வாங்கினால் மரத்தின் உருவத்தை நாமே தீர்மானிக்கலாம்.

5. நடும் நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கன்று வந்த பிறகு கடைக்கு ஓடினால் வேர் காய்ந்துவிடும். மண்வெட்டி, மண் கிளறும் முள்கரண்டி, 1.2 மீட்டர் மரக்கழி, ரப்பர் கட்டு, ஒரு வாளி, மூடாக்குக்கு (மரத்தடி மண்ணை மூடிப் பரப்ப) இரண்டு மூட்டை மக்கிய மரத்தூள் அல்லது இலைமக்கு. அணில், முயல் தொல்லை உள்ள இடமானால் தண்டைச் சுற்றப் பிளாஸ்டிக் சுருள் ஒன்று. கவாத்துக் கத்தரி நல்லதாக ஒன்று வாங்குங்கள், மழுங்கிய கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும்.

மண் உறைந்திருக்கும் வாரத்திலோ தண்ணீர் தேங்கி நிற்கும்போதோ கன்று வந்து சேர்ந்தால் நடாதீர்கள். வேரை ஈரச் சாக்கில் சுற்றி, கராஜிலோ கொட்டகையிலோ வைத்தால் சில நாள் தாங்கும். அதற்கு மேல் ஆகுமென்றால் எங்காவது ஒரு பள்ளத்தில் சாய்த்து வேரை மண்ணால் மூடி வையுங்கள்.

6. குழியும் நடவும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். நான் பார்த்த செத்த கன்றுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மணி நேரத்தில் செத்தவை.

முதல் வேலை, வேரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுவது. பயணத்தில் உலர்ந்த வேர் நேராகக் களிமண்ணுக்குள் போனால் அந்த மண்ணிலிருந்து ஈரத்தை எடுக்கத் திணறும்.

அது ஊறும் நேரத்தில் குழி. ஆழம் வேரின் உயரத்துக்கு மேல் வேண்டாம், அகலம் அதைப்போல மூன்று மடங்கு. ஊரில் தென்னைக்கு மூன்றடி ஆழம் வெட்டிய கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் ஆழமாக வெட்டி மண் நிரப்பி அதன் மேல் நட்டால், மண் படியப் படியக் கன்றும் கீழே இறங்கிவிடும். குழியைச் சதுரமாக வெட்டுங்கள். களிமண்ணில் வட்டக் குழியின் வழவழப்பான சுவரை வேர் துளைக்காமல் தொட்டிக்குள் இருப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வரும். சதுரத்தின் மூலைகளில் அது வெளியே வழி தேடிக்கொள்ளும். சுவரையும் அடியையும் முள்கரண்டியால் குத்திவிடுங்கள்.

அடுத்தது எரு. குழிக்குள் எரு, கம்போஸ்ட் மூட்டை, எதுவும் போடாதீர்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். களிமண்ணுக்கு நடுவில் பொலபொலவென்று ஒரு கம்போஸ்ட் குழி இருந்தால், சுற்றியுள்ள மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கிக் குளம் கட்டும், குளிர்காலம் முழுக்க வேர் அதில் ஊறி அழுகும். வேரும் சுகமான இடத்தை விட்டு வெளியே போகாது. சத்து மேலே இருந்து மூடாக்கு வழியாக மெல்ல இறங்கட்டும்.

நடுவதற்கு முன்பே கழியை அடித்துவிடுங்கள். நட்ட பிறகு அடித்தால் வேருக்குள் குத்தும். காற்று வரும் பக்கம், இங்கே பெரும்பாலும் தென்மேற்கு, கழி நிற்கட்டும்.

இப்போது கன்றைக் குழியில் வைத்து, குறுக்கே ஒரு கம்பை வைத்து அளவு பாருங்கள். தண்டில் நிறம் மாறும் ஒரு கோடு தெரியும், நர்சரியில் மண் அதுவரை இருந்தது. அதே மட்டம்தான் இங்கேயும். அதற்கு மேலே தண்டு சற்று வளைந்து புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. அது மண்ணிலிருந்து ஒரு கை அகலமாவது மேலே நிற்க வேண்டும். ஒட்டு மண்ணுக்குள் போனால் மேல் மரமே தனியாக வேர் விட்டுவிடும், அப்புறம் குட்டையாக வைக்கும் வேர்ச்செடிக்குக் காசு கொடுத்தது வீண்.

வேர்களை விரித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்டைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். வேர் இடுக்கில் மண் இறங்கும். குதிகாலால் மெதுவாக அமுக்குங்கள், மிதிக்க வேண்டாம். கழியோடு கட்டும் இடம் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். உச்சியில் கட்டினால் தண்டு காற்றில் ஆடாது, ஆடாத தண்டு பலம் பெறாது.

மழை பெய்துகொண்டிருந்தாலும் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். இது தாகத்துக்கு இல்லை, மண்ணுக்குள் இருக்கும் காற்றுப் பைகளை மூட.

கடைசியாக மூடாக்கு: ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு 6, 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை இடம் வெறுமையாக இருக்கட்டும், ஒட்டியிருந்தால் பட்டை அழுகும். புல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இளங்கன்றுக்குப் போகும் தண்ணீரையும் நைட்ரஜனையும் முதலில் குடிப்பது அதுதான்.

7. முதல் வெட்டு

கிளையில்லாத குச்சியாக நட்டிருந்தால், மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், மொட்டு உடைந்து இலை விரியத் தொடங்கிய பிறகு, இடுப்பு உயரத்தில், சுமார் 80 செ.மீ.யில், ஒரு மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மனசு வராது. வெட்டாவிட்டால் அது கொடிக்கம்பம் மாதிரி நேராக மேலே போய் உச்சியில் மட்டும் கிளைக்கும்.

அந்தக் கோடையில் நான்கைந்து கிளை வரும். அகலமாக விரிந்த கோணத்தில் வந்தவற்றை வைத்துக்கொண்டு, தண்டை ஒட்டி இடுக்காக நிமிர்ந்து போவதை எடுத்துவிடுங்கள். இடுக்குக் கிளைதான் பிறகு பழச் சுமையில் பிளந்துகொண்டு இறங்கும். அடுத்த வசந்தத்தில் வைத்திருக்கும் கிளைகளைப் பாதியாக, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டினால் நடுப்பகுதி திறந்த கிண்ணம் மாதிரி உருவம் வரும். கிண்ணத்துக்குள் வெயிலும் காற்றும் புகும்.

8. முதல் இரண்டு கோடைகள்

இங்கிலாந்தில் மழை பெய்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல கன்றுகள் ஜூலையில் காய்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, நல்ல மழை இல்லாத ஒவ்வொரு வாரமும் 20 லிட்டர். தினம் ஒரு குவளை தெளிப்பதைவிட வாரம் ஒரு தடவை ஆழமாக ஊற்றுவது மேல். தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

உரத்துக்கு அவசரம் இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் மூடாக்கைப் புதுப்பித்து, காய்க்கத் தொடங்கிய பின் பொட்டாஷ் உள்ள பொது உரம் ஒரு கை போட்டால் போதும். நைட்ரஜன் அதிகமானால் தளதளவென்று தளிர் விடும், அந்தத் தளிருக்கு அசுவினிப் பூச்சி வரிசை கட்டி வரும்.

9. பூக்கும் மூன்று வாரம்

வானிலை அறிவிப்பைப் பார்ப்பதுதான் இந்த நாட்களில் முக்கிய வேலை. இரவு உறைபனி என்றால் மாலையில் தோட்டத்து ஃப்ளீஸ் துணியைப் போர்த்திவிட்டு, காலை பத்து மணிக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் தேனீ உள்ளே போகாது. நான் ஒரு வருஷம் வேலைக்கு ஓடும் அவசரத்தில் நான்கு நாள் போர்த்தியபடியே விட்டேன். பூ ஒன்றும் கருகவில்லை, காயும் ஒன்றும் பிடிக்கவில்லை.

குளிரில் தேனீ வெளியே வராது. வெயிலடிக்கும் மதியங்களில் பம்பிள் பீ ராணிகள் வரும், அவற்றை நம்பித்தான் இந்த மரம் இருக்கிறது. ஒரு வாரம் தொடர்ந்து மழை என்றால் மென்மையான ஓவியத் தூரிகையை எடுத்து, தெருவிலிருந்து ஒடித்து வந்த துணை மரத்துக் கொத்திலிருந்து மகரந்தத்தைத் தொட்டு நம் பூக்களில் வைத்துவிடலாம். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

10. கவாத்து: வளர்ந்த மரத்துக்குக் கோடையில் மட்டும்

எதிர்வீட்டு மரத்துக்கு என்ன ஆயிற்று என்பது இங்கே வருகிறது. அதற்கு வந்தது 'சில்வர் லீஃப்' என்ற பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சையின் வித்துகள் இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை ஈரக் காற்றில் மிதக்கும். புதிதாக வெட்டிய காயத்தில் விழுந்தால் மரத்துக்குள் இறங்கிவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வித்துகள் குறைவு, மரமும் துடிப்பாக இருப்பதால் காயத்தைச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஆப்பிளையும் பேரியையும் குளிர்காலத்தில் வெட்டுவார்கள், அது சரிதான். அதைப் பார்த்துவிட்டுச் செர்ரி பிளம்மையும் சேர்த்து வெட்டுவதுதான் தவறு. கொட்டை உள்ள பழமரங்களைக் குளிர்காலத்தில் தொடக்கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குத் தோட்டக்காரரை வைத்தால் அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு வேலை குறைந்த ஜனவரியில்தான் வருவார்.

பழம் பறித்து முடிந்ததும், இரண்டு மூன்று நாள் மழை இல்லாத சமயம் பார்த்து வெட்டுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வரிசை இதுதான்: முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது. அடுத்து ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் பலவீனமானது. அதற்கடுத்து நடுக் கிண்ணத்துக்குள் செங்குத்தாக எழும்பிய குச்சிகள். இத்தோடு நிறுத்துங்கள். மொத்த மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வருஷத்தில் எடுத்தால், அடுத்த வருஷம் பதில் சொல்வதுபோலத் துடைப்பக் குச்சிகளாக முளைத்துத் தள்ளும். போன வருஷம் வளர்ந்த கிளையிலும் பழைய கிளையின் குட்டைக் கொத்துகளிலும்தான் இது பூக்கிறது, ஆகையால் ஹெட்ஜ் வெட்டுவதுபோல நுனியெல்லாம் சீவினால் அடுத்த வருஷப் பழத்தைச் சீவியதாகும்.

இலை வெளுத்தால் உடனே ரம்பத்தைத் தூக்காதீர்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் இலை வெள்ளிபோல் தெரியும். வித்தியாசம் காண, வெளுத்த கிளையில் கட்டைவிரலைவிடத் தடித்த இடத்தில் வெட்டி, வெட்டுமுகத்தை ஈரப்படுத்திப் பாருங்கள். நடுவில் காப்பிக்கறை போல பழுப்பு வட்டம் இருந்தால் சில்வர் லீஃப். கறை முடிந்து வெள்ளைக் கட்டை தெரியும் இடத்துக்கும் 15 செ.மீ. கீழே வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். கறை இல்லை என்றால் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். அண்ணனின் மரத்தில் நாங்கள் தண்டு வரை போய்த்தான் வெள்ளைக் கட்டையைப் பார்த்தோம்.

ஒட்டுக்குக் கீழிருந்தும் தரையிலிருந்தும் கிளம்பும் தளிர்கள் வேர்ச்செடியுடையவை. அவற்றை வெட்டாமல், மண்ணை விலக்கி, வேரோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் ஒன்று மூன்றாகும்.

11. பூச்சி, நோய்: எதற்குக் கவலைப்படுவது, எதை விடுவது

மே மாதம் நுனி இலைகள் சுருண்டு பிசுபிசுப்பாகும். அசுவினி. மரம் பெரிதானால் நான் ஒன்றும் செய்வதில்லை, ஜூனுக்குள் பொறிவண்டுகள் வந்து கணக்கை முடித்துவிடும். இளங்கன்றானால் சுருண்ட நுனியைக் கையால் கிள்ளிவிடலாம்.

பழத்துக்குள் சிறிய இளஞ்சிவப்புப் புழுவும் கருப்பாக அழுக்கும் இருந்தால் பிளம் அந்துப்பூச்சி. மே மாதம் ஒரு பெரோமோன் பொறியை (பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிப்பது) தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் குறையும். கொட்டையே இல்லாமல் காய் வாழைக்காய் மாதிரி நீண்டு வெளிறினால் அது ஒரு பூஞ்சை வேலை, பறித்துக் குப்பையில் போடுங்கள். மரத்திலேயே சுருங்கி மம்மியாகத் தொங்கும் பழுப்புப் பழங்களைக் குளிர்காலத்துக்குள் ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும், அடுத்த வருஷ அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும்.

தண்டில் பிசின் வடிகிறதா? கொஞ்சம் என்றால் பயம் இல்லை, எந்தக் காயத்துக்கும் இந்த மரம் பிசின் விடும். பட்டை உள்வாங்கி, அதற்கு மேல் உள்ள கிளை வாடினால் மட்டும் கோடையில் அந்தப் பகுதியை வெட்டுங்கள்.

12. காய் குறைத்தல், முட்டுக் கொடுத்தல்

ஜூனில் மரம் தானாகவே கொஞ்சம் காயை உதிர்க்கும். பார்த்து மனம் உடைய வேண்டாம். உதிர்ந்த பிறகும் நெருக்கமாக இருந்தால், பெரிய பழ வகைகளில் இரண்டு விரல் இடைவெளி இருக்குமாறு கிள்ளிவிடுங்கள். சிறிய பழ மரத்தில் இதற்கு உட்கார்ந்தால் விடியாது. அங்கே செய்ய வேண்டியது முட்டுக் கொடுப்பது. குலை தள்ளிய வாழைக்குக் கவைக் கம்பு கொடுப்போமே, அதே வேலை. இந்தக் கட்டை மொறமொறப்பானது, சுமை தாங்காமல் ஆகஸ்டில் முறியும். முறிந்த கிழிசல் காயம் நேராகச் சில்வர் லீஃபுக்கு அழைப்பு.

பறவை வலை போட்டால் தொங்கலாக விடாமல் இழுத்துக் கட்டுங்கள், தரையில் அடிப்பாகத்தைப் பொருத்துங்கள். தொங்கும் வலையில் குருவியும் முள்ளெலியும் மாட்டிக்கொள்ளும். நான் வலை போடுவதில்லை. மேல் கிளை புறாவுக்கு, கீழ்க் கிளை எனக்கு என்று ஒரு உடன்பாடு.

13. பறிப்பதும், கொட்டையும்

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை பழுக்கும். நிறத்தை நம்பாதீர்கள், சிவப்பு வகை பழுப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே சிவந்துவிடும். விரலால் அமுக்கினால் சற்று உள்வாங்க வேண்டும், தொட்டால் காம்பு விட வேண்டும். சாப்பிட வேண்டிய பழத்தைக் கையால் பறியுங்கள். ஜாமுக்கும் தொக்குக்கும் மரத்தடியில் பழைய படுக்கை விரிப்பை விரித்துக் கிளையைக் குலுக்கினால் வேலை முடிந்தது. விழுந்ததை அன்றே பொறுக்குங்கள், மறுநாள் குளவிகள் குடியேறிவிடும்.

நம் சமையலறையில் இதற்கு மாங்காய் இடம்தான். ஜார்ஜியாவில் இதே பழத்தில் 'ட்கெமாலி' என்று புளிப்புச் சாறு செய்து இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். என் வீட்டில் அரைப்பழமாகப் பறித்து, கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து, ஓட்டைத் தட்டில் போட்டுக் கரண்டியால் தேய்த்துச் சதையை மட்டும் இறக்கி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப் பொடி சேர்த்துச் சுருளக் கிளறி, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். பெக்டின் இயல்பாகவே நிறைய இருப்பதால் தொக்கு தானாகவே இறுகும், ஜாமுக்கும் தனியாக எதுவும் போட வேண்டாம்.

கொட்டை சதையோடு ஒட்டியே இருக்கும், கத்தியால் எடுப்பது பெரும் பாடு. அதற்காக யாரும் பழத்தை அப்படியே மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அமிக்டலின் உண்டு, அது நொறுங்கி உள்ளே போனால் உடலில் சயனைடாக மாறும். முழுக் கொட்டை ஒன்று தவறி விழுங்கப்பட்டால் அப்படியே வெளியேறிவிடும், அரைபட்டால்தான் பிரச்சினை. ஆகவே வேகவைத்துத் தேய்த்து வடிகட்டிய பிறகுதான் மிக்ஸி.

கொட்டைகளை எண்ணிப் போடுங்கள், குறிப்பாக வீட்டில் நாய் இருந்தால். நாய்க்கு இந்தப் பழம் பிடிக்கும், அது கொட்டையைக் கடித்து நொறுக்கும். ஆகஸ்டில் ஒவ்வொரு காலையும் மரத்தடியைக் கூட்டிவிட்டுத்தான் பின்கதவைத் திறக்கிறேன்.